பேரண்டத்தின் மங்கல் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில் நாங்கள் சிலர் கூடித் தமிழில் வானியல் பேசுகிறோம். உயர்நிலைப்பள்ளி மாணவர்கள், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர், பணி ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்று இருபது பேர் வருவார்கள். முழு வானத்தையும் அகச்சிவப்பில் படமெடுக்கும் ஸ்ஃபியர்எக்ஸ் விண்கலம் 2025 மார்ச்சில் ஏவப்பட்டதிலிருந்து அங்கே அதிகம் கேட்கப்படுவது அண்மை அகச்சிவப்புப் பின்னணி ஒளியைப் பற்றித்தான். நேரம் போதாமல் பாதியில் விட்ட பதில்களை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

அண்மை அகச்சிவப்புப் பின்னணி ஒளி என்றால் என்ன?

மழை வரப்போகும் ஓர் இரவில் உங்கள் புளோக்கின் மேல்மாடியில் நின்று மேகத்தைப் பாருங்கள். மேகம் கறுப்பாக இருக்காது, ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதில் எது தெருவிளக்கு வெளிச்சம், எது கடைப் பலகையின் வெளிச்சம், எது துறைமுக விளக்கு என்று பிரிக்க முடியாது. தீவு முழுக்க எரியும் விளக்குகளின் கூட்டுத்தொகை அது.

பேரண்டத்துக்கும் அப்படி ஒரு கூட்டுத்தொகை உண்டு. பெருவெடிப்பு நடந்து ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை காலமும் எரிந்த விண்மீன்கள் விட்ட ஒளியில் ஒரு பகுதியைத் தூசி விழுங்கிவிட்டது. மீதி இன்னும் வெளியில் பயணம் செய்துகொண்டே இருக்கிறது. எந்தத் திசையில் பார்த்தாலும் அது வந்து சேர்கிறது. அதில் சுமார் 1 மைக்ரானிலிருந்து 5 மைக்ரான் வரை அலைநீளம் கொண்ட பகுதியை அண்மை அகச்சிவப்புப் பின்னணி என்கிறோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு 0.7 மைக்ரான் அருகிலேயே முடிந்துவிடுகிறது.

மேகத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

அகச்சிவப்பு என்றால் உடம்புச் சூடுதானே? சாங்கி விமான நிலையத்தில் கேமரா வைத்துக் காய்ச்சல் பார்த்தார்களே?

அது வேறு அகச்சிவப்பு. நம் உடல் வெப்பம் 10 மைக்ரான் பக்கத்தில் ஒளிர்கிறது. காய்ச்சல் பார்க்கும் கேமராக்கள் அங்கேதான் வேலை செய்கின்றன. நாம் பேசுவது அதைவிடக் குறுகிய அலைநீளம். தொலைக்காட்சி ரிமோட்டின் நுனியைக் கைப்பேசிக் கேமரா முன் பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். பல கேமராக்களில் ஒரு சின்ன ஊதாப் புள்ளி தெரியும். அது 0.94 மைக்ரான், அண்மை அகச்சிவப்பின் வாசற்படி. கண் பார்க்கும் ஒளிக்கு அடுத்த வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு மங்கலான ஒளி இது?

கண்ணுக்குத் தெரியும் ஒளி, அண்மை அகச்சிவப்பு இரண்டையும் சேர்த்து, வானம் முழுவதிலிருந்தும் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் பின்னணி ஒளி ஒரு வாட்டில் ஒரு கோடிப் பங்கு என்ற வரிசையில் இருக்கிறது. முழு நிலவு தருவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதிலும் நிலவைப் போல ஒரே இடத்தில் குவிந்து வராமல் வானம் முழுக்க மெல்லப் பூசினாற்போல வருகிறது. அதனால்தான் அளப்பது இவ்வளவு கஷ்டம்.

பெருவெடிப்பின் மிச்ச ஒளி என்று பள்ளியில் படித்தோமே, அதுவா இது?

இல்லை. அது நுண்ணலைப் பின்னணி. விண்மீன்கள் பிறக்கும் முன்பே, பேரண்டம் 3,80,000 வயதில் இருந்தபோது கிளம்பியது. அலைநீளம் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆற்றல் கணக்கில் அதுதான் பெரியது, விண்மீன்களின் மொத்த ஒளியைப் போல சுமார் இருபது மடங்கு. ஆனால் அதைப் பேரண்டத்தின் குழந்தைப் பருவப் படம் என்று சொன்னால், அண்மை அகச்சிவப்புப் பின்னணி அதன் வாழ்நாள் வரவுசெலவுக் கணக்கு. எனக்கு இந்தக் கணக்குப் புத்தகத்தின் மேல்தான் ஆசை அதிகம்.

இத்தனை விண்மீன்கள் இருந்தும் இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?

எல்லையில்லாத, என்றென்றும் இருந்துவரும் பேரண்டத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை ஒரு விண்மீனில் போய்த்தான் முட்ட வேண்டும், வானம் முழுவதும் சூரியன் போலத் தகிக்க வேண்டும். 1823-இல் ஹைன்ரிஷ் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தக் கேள்வியைப் பிரபலமாக்கினார். அவருக்கு இரு நூற்றாண்டுகள் முன்பே கெப்ளரும் கேட்டிருக்கிறார். பதில்: பேரண்டத்துக்கு வயது உண்டு. அதற்குள் வந்து சேரக்கூடிய ஒளி மட்டும்தான் வந்திருக்கிறது. விரிவடையும் வெளி அதையும் நீட்டி, கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்துக்குத் தள்ளிவிட்டது. ஆக, இரவு முழு இருட்டு இல்லை. ஓல்பர்ஸ் எதிர்பார்த்த வெளிச்சத்தில் நம் பங்குக்கு வந்த துளிதான் இந்தப் பின்னணி ஒளி.

சரி, இந்த ஒளியை உண்டாக்குவது எது?

பெரும்பகுதிக்குப் பதில் தெரியும்: சாதாரண விண்மீன் திரள்கள், அவற்றிலுள்ள சாதாரண விண்மீன்கள். நம் பால்வீதி போன்றவை, அதைவிடச் சின்னவை, பெரியவை எல்லாம் சேர்த்து.

இங்கே ஒரு நுட்பம். அண்மை அகச்சிவப்பில் அதிகம் பிரகாசிப்பவை இளம் நீல விண்மீன்கள் அல்ல. வயதான, குளிர்ந்த, செம்மஞ்சள் விண்மீன்களும் வீங்கிப்போன செம்பூதங்களும்தான். அவற்றின் மேற்பரப்பு வாயுவில், கூடுதலாக ஓர் எலக்ட்ரானைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் உண்டு. அவைதான் உள்ளிருந்து வரும் ஒளியை மறிக்கின்றன. 1.6 மைக்ரானில் அந்த மறிப்பு மிகக் குறைவு. திரை விலகிய ஜன்னல் மாதிரி ஒளி அங்கே சுலபமாக வெளியேறுகிறது. அதனால் கிட்டத்தட்ட எல்லா விண்மீன் திரள்களின் நிறமாலையிலும் 1.6 மைக்ரானில் ஒரு மேடு இருக்கும்.

அப்புறம் செம்பெயர்ச்சி. ஒளி கிளம்பிய பிறகு பேரண்டம் இரண்டு மடங்கு விரிந்தால் அலைநீளமும் இரண்டு மடங்கு ஆகும். 0.5 மைக்ரானில் பச்சையாகக் கிளம்பிய ஒளி 1 மைக்ரானில் வந்து சேரும். அருகிலுள்ள திரள்களின் அகச்சிவப்பும், தொலைவிலுள்ள திரள்களின் பச்சையும் மஞ்சளும், இன்னும் தொலைவில் உள்ளவற்றின் நீலமும் புற ஊதாவும் எல்லாம் இந்த ஒரே பட்டையில் வந்து விழுகின்றன. வெவ்வேறு காலங்களின் ஒளி ஒரே தட்டில் கலந்து கிடக்கிறது. எது எந்தக் காலத்தியது என்று பிரிப்பதுதான் இந்தத் துறையின் வேலை.

பெரிய தொலைநோக்கிகளால் திரள்களை ஒவ்வொன்றாக எண்ணி அவற்றின் ஒளியைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு, வானத்தின் ஒரு ஸ்டெரேடியனுக்கு, சுமார் 10 நானோவாட் வருகிறது. ஸ்டெரேடியன் என்பது முழு வானக்கோளத்தில் பன்னிரண்டரையில் ஒரு பங்கு. இனி சுருக்கமாக ‘10 அலகு’ என்றே சொல்கிறேன்.

எண்ணாமல் விட்டுப்போன மங்கலான திரள்கள் நிறைய இருக்குமே?

இருக்கும், ஆனால் கணக்கை அதிகம் மாற்றாது. கோயில் உண்டியலைக் கொட்டி எண்ணுவதை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வெள்ளி, பத்து வெள்ளி, இரண்டு வெள்ளி நோட்டுகள் முடிந்து ஐந்து காசுகளுக்கு வந்துவிட்டால், காசுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும், தொகை கூடாது. திரள்களின் எண்ணிக்கையும் அப்படித்தான் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மங்கலுக்குக் கீழே எத்தனை புதிதாகக் கண்டுபிடித்தாலும் மொத்த ஒளி கொஞ்சமே ஏறுகிறது. 10 அலகு என்பது உறுதியான தரை, அதற்குக் கீழே போகாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதில்தான் சண்டை.

நேராக வானத்தை அளந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமே?

அளக்கலாம். ஆனால் நமக்கும் பேரண்டத்துக்கும் நடுவே மூன்று திரைகள் தொங்குகின்றன.

முதலாவது நம் காற்று. சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவு முழுக்க அண்மை அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. தரையிலிருந்து பார்த்தால் அந்தக் காற்றொளிர்வு பின்னணி ஒளியை முற்றாக மூழ்கடித்துவிடும். அதனால் விண்வெளிக்குப் போயே ஆக வேண்டும்.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. பால்வீதியில் நம்மைச் சுற்றியுள்ள விண்மீன்களும், அவற்றின் ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய தூசி மேகங்களும். விண்மீன்களை மறைத்துவிடலாம். தூசி தொலை அகச்சிவப்பில் ஒளிர்வதால் அது எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டுக் கழிக்கலாம்.

இரண்டாவதுதான் தலைவலி: ராசிமண்டல ஒளி. வால்விண்மீன்களும் சிறுகோள்களும் உதிர்த்த தூசி சூரியனைச் சுற்றித் தட்டையாகப் பரவிக் கிடக்கிறது. அது சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. 1.25 மைக்ரானில் வானத்தின் மிக இருண்ட பகுதியில்கூட அது 300 அலகுக்கு மேல். நாம் தேடுவதோ 10 அலகு.

தேக்கா சந்தையில் ஒரு பெட்டி ஐஸுக்குள் ஒரே ஒரு மீன் கிடக்கிறது, வெளியே எடுக்க முடியாது, பெட்டியோடு நிறுத்து மீனின் எடையைச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் முப்பது கிலோ, மீன் ஒரு கிலோ. ஐஸின் எடையை மூன்று சதவீதம் தப்பாக மதிப்பிட்டால் மீன் இரட்டிப்பாகிவிடும், அல்லது காணாமல் போய்விடும். இந்தத் துறையின் முப்பது வருடச் சர்ச்சை முழுக்க ஐஸின் எடையைப் பற்றியதுதான் என்று நான் சொல்வேன்.

ஐஸின் எடையை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?

இரண்டு வழிகள். பூமி சூரியனைச் சுற்றும்போது நாம் தூசி மேகத்துக்குள் இடம் மாறுகிறோம். ஒரே திசையை வெவ்வேறு மாதங்களில் பார்த்தால் தூசி ஒளி மாறும், பேரண்டப் பின்னணி மாறாது. மாறும் பகுதியிலிருந்து மேகத்தின் வடிவத்தைக் கணிக்கலாம். ஆனால் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய தூசி ஏதும் இருந்தால் அது மாறவே மாறாது, இந்த வழிக்குச் சிக்காது.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. தூசி தருவது கடன் வாங்கிய சூரிய ஒளி. சூரிய நிறமாலையில் சில அலைநீளங்களில் கறுப்புக் கோடுகள் உண்டு. கால்சியம் உண்டாக்கும் ஒரு கோடு 0.854 மைக்ரானில் இருக்கிறது. வானத்தின் ஒளியில் அந்தக் கோடு எவ்வளவு ஆழமாகத் தெரிகிறது என்று பார்த்தால், அதில் எவ்வளவு சூரியனுடையது என்று சொல்லிவிடலாம். தொலைதூரத் திரள்களின் ஒளியில் அந்தக் கோடு அதே இடத்தில் கூர்மையாக நிற்காது, செம்பெயர்ச்சியில் கலைந்துபோகும்.

அளந்தவர்கள் என்ன கண்டார்கள்?

1989 நவம்பரில் நாசா ஏவிய கோபி செயற்கைக்கோளில் டர்பி என்ற கருவி இருந்தது, 1.25 மைக்ரானிலிருந்து 240 மைக்ரான் வரை பத்துப் பட்டைகளில் வானத்தை அளந்தது. 1998-இல் அந்தக் குழு 140, 240 மைக்ரான்களில் பின்னணி ஒளியைக் கண்டதாக உறுதியாக அறிவித்தது. அது தூசி விழுங்கிய விண்மீன் ஒளி திரும்ப வெப்பமாக வெளிவருவது. அண்மை அகச்சிவப்பில் மட்டும் ‘இதற்கு மேல் இருக்காது’ என்ற உச்சவரம்பு சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். காரணம் ராசிமண்டல ஒளிதான். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்து ஜப்பான். 1995 மார்ச்சில் ஐஆர்டிஎஸ் என்ற 15 சென்டிமீட்டர் தொலைநோக்கியை ஏவினார்கள். ஒரு மாதம் அளந்தது. அதைச் சுமந்த கலத்தை 1996 ஜனவரியில் எண்டெவர் விண்ணோடம் பத்திரமாகப் பூமிக்குக் கொண்டுவந்தது. அதன் தரவிலிருந்து 2005-இல் வெளியான முடிவு, 1.4 மைக்ரான் பக்கத்தில் திரள்களின் கூட்டைப் போலப் பல மடங்கு ஒளி மிச்சம் இருக்கிறது என்றது.

அந்த மிச்சம்தான் பேரண்டத்தின் முதல் விண்மீன்களா?

பலர் அப்படித்தான் நம்பினார்கள், காரணமும் அழகானது. முதல் விண்மீன்கள் ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும் கொண்டவை, பெரியவை, சூடானவை. சுற்றியுள்ள ஹைட்ரஜன் அவற்றின் ஆற்றலை வாங்கி 0.1216 மைக்ரானில் திருப்பி வெளியிடும். பேரண்டம் அப்போதிருந்து 11 மடங்கு விரிந்திருந்தால் அது இன்று 1.34 மைக்ரானில் வந்து சேரும். மிச்ச ஒளி திடீரென்று உயர்வதும் அங்கேதான். இரண்டும் பொருந்தின.

கணக்குப் போட்டபோதுதான் இடித்தது. அவ்வளவு ஒளி வர வேண்டுமானால் அந்தக் காலத்து வாயுவில் நம்ப முடியாத அளவு பெரிய பங்கு விண்மீன்களாக எரிந்திருக்க வேண்டும். எரிந்தால் கார்பன், ஆக்சிஜன் போன்ற கனத்த தனிமங்கள் ஏராளமாக உண்டாகியிருக்க வேண்டும். அந்தச் சாம்பல் எங்கே? காணோம்.

வேறு வழியில் சரிபார்க்க முடியாதா?

முடியும். இது இந்தக் கதையிலேயே கெட்டிக்காரத்தனமான பகுதி.

மிக அதிக ஆற்றல் கொண்ட காமா கதிர் ஒன்று அண்மை அகச்சிவப்பு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், மேல் மோதினால் இரண்டும் மறைந்து ஓர் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானும் பிறக்கும். ஒரு டெரா (லட்சம் கோடி) எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உள்ள காமாவுக்கு ஏற்ற ஜோடி ஒரு மைக்ரான் பக்கத்து ஒளி. ஆகவே தொலைவில் உள்ள, காமா கதிர் பாய்ச்சும் பிளேசார் திரளிலிருந்து எத்தனை காமா நம்மிடம் வந்து சேர்கிறது என்று பார்த்தால், வழியில் எவ்வளவு பின்னணி ஒளி மிதக்கிறது என்று சொல்லலாம். பனிமூட்டத்தின் அடர்த்தியை அதற்கு அப்பால் தெரியும் விளக்கை வைத்து மதிப்பிடுவது போல. ராசிமண்டல ஒளி இந்தக் கணக்கில் குறுக்கே வருவதில்லை. கோடிக்கணக்கான ஒளியாண்டுப் பாதையில் நம் சூரியக் குடும்பத்துத் தூசி ஒரு பொருட்டே அல்ல.

2006-இல் நமீபியாவிலுள்ள ஹெஸ் காமா கதிர்த் தொலைநோக்கிகள் இரண்டு பிளேசார்களைப் பார்த்தன. எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காமா வந்து சேர்ந்தது. அப்படியானால் பனிமூட்டம் மெல்லியது: பின்னணி ஒளி, எண்ணிய திரள்களின் கூட்டை ஒட்டியே இருக்க வேண்டும். பெரிய மிச்சத்துக்கு இடமில்லை. 2018-இல் ஃபெர்மி செயற்கைக்கோள் 739 பிளேசார்களை வைத்து, பேரண்டத்தின் விண்மீன்கள் இதுவரை வெளியிட்ட மொத்த ஃபோட்டான்கள் 4-க்குப் பின்னால் 84 சுழியங்கள் என்று கணக்கிட்டது.

இந்தியாவிலும் இதற்கான கருவி இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் 21 மீட்டர் கண்ணாடியுள்ள மேஸ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது.

தூசியைத் தாண்டிப் போய் அளந்தவர் யாராவது உண்டா?

உண்டு. 2015-இல் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம். அது இப்போது இருக்கும் இடத்தில் உள்வட்டத் தூசி ஒளி கிட்டத்தட்ட இல்லை. அதன் கேமரா கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதை ஒட்டிய பகுதியையும், 0.9 மைக்ரான் வரை பார்க்கும். முதலில், 2021-22 வாக்கில், திரள்களின் கூட்டைப் போல இரண்டு மடங்கு ஒளி என்று செய்தி வந்தது. பிறகு சூரியனிலிருந்து பூமி உள்ள தூரத்தைப் போல 57 மடங்குத் தொலைவிலிருந்து புதிதாக அளந்து, பால்வீதித் தூசியின் சிதறலை இன்னும் கவனமாகக் கழித்தார்கள். 2024-இல் வந்த விடை 11 அலகை ஒட்டியது. எண்ணிய திரள்களோடு ஒத்துப்போய்விட்டது.

அண்மை அகச்சிவப்பில் இப்படி ஓர் அளவீடு இன்னும் நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

அப்படியானால் மர்மம் தீர்ந்ததா?

மொத்த அளவில் ஏறக்குறைய. ஆனால் இன்னொரு புதிர் மிச்சமிருக்கிறது, அது கழித்தலுக்கு அடங்காதது.

மேகத்துக்குத் திரும்பி வாருங்கள். மேக வெளிச்சத்தின் மொத்த அளவு தெரியாவிட்டாலும் அது எங்கே திட்டுத்திட்டாகக் கூடுகிறது என்று பார்க்க முடியும். துறைமுகத்தின் மேல் கொஞ்சம் அதிகம், மத்திய நீர்த்தேக்கக் காட்டின் மேல் கொஞ்சம் குறைவு. விளக்கே கண்ணில் படாமல், விளக்குகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று தெரிந்துவிடும். ராசிமண்டல ஒளி மிக வழுவழுப்பானது, அதில் திட்டுகள் இல்லை. ஆகவே தெரிந்த விண்மீன்களையும் திரள்களையும் படத்தில் மறைத்துவிட்டு, மீதி இருளில் ஏற்ற இறக்கம் இருக்கிறதா என்று பார்த்தால் தூசித் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது.

2005-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் 3.6 மைக்ரான் படங்களில் இப்படிப் பார்த்தபோது திட்டுகள் இருந்தன. மறைத்த பிறகும் இருந்தன. ஜப்பானின் அகாரி செயற்கைக்கோளும் பிறகு அவற்றைக் கண்டது. முதல் விண்மீன்களின் கூட்டங்கள் என்ற விளக்கம் மறுபடி எழுந்தது.

அப்போது வந்தது சைபர் ராக்கெட். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்து ஜேமி பாக் குழு, ஜப்பான், கொரியக் கூட்டாளிகளோடு சேர்ந்து, 2009-லிருந்து 2013 வரை நான்கு முறை ஏவியது. சுற்றுப்பாதைக்கே போகாத ராக்கெட்: 300 கிலோமீட்டருக்கு மேலே ஏறி, சில நிமிடம் வானத்தைப் படம்பிடித்து, இறங்கிவிடும். முதல் மூன்று முறையும் நியூ மெக்சிகோவில் பாராசூட்டில் இறங்கியதை எடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். நான்காவது வர்ஜீனியாவிலிருந்து இன்னும் உயரமாகப் போய் அட்லாண்டிக்கில் விழுந்தது, மீட்கப்படவில்லை. இவ்வளவு சிக்கனமான ஒரு சோதனை இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது என்பதை மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வதுண்டு.

சைபர் 1.1, 1.6 மைக்ரான்களில் பார்த்தது. திட்டுகள் அங்கேயும் இருந்தன, அதுவும் பலமாக. முக்கியம் அவற்றின் நிறம். நம் தெருவிளக்குகள் சோடியத்திலிருந்து எல்இடிக்கு மாறியபோது மேகத்தின் ஆரஞ்சு குறைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நிறத்தைப் பார்த்தே விளக்கின் வகையைச் சொல்லலாம். மிகத் தொலைவான முதல் விண்மீன்களின் ஒளியானால் குறுகிய அலைநீளப் பக்கம் வெட்டுப்பட்டு மங்க வேண்டும், வழியிலுள்ள ஹைட்ரஜன் அதை விழுங்கிவிடும். சைபர் கண்ட திட்டுகள் அப்படி மங்கவில்லை, நீலப் பக்கம் இன்னும் பிரகாசமாக இருந்தன. ஆகவே ஒளி அவ்வளவு தொலைவிலிருந்து வரவில்லை.

அப்படியானால் எதிலிருந்து வருகிறது?

2014-இல் அந்தக் குழு சொன்ன பதில்: வீட்டை விட்டு வெளியே வீசப்பட்ட விண்மீன்கள்.

இரண்டு திரள்கள் மோதி ஒன்றாகும்போது ஈர்ப்பு இழுத்த இழுப்பில் பல விண்மீன்கள் வெளியே சிதறிவிடும். அவை எந்தத் திரளின் உடலிலும் இல்லாமல், திரளைச் சூழ்ந்த இருள்பொருள் (ஒளி தராத, ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) மண்டலத்தில் தனித்தனியே மிதக்கும். தொலைநோக்கிப் படத்தில் திரளை மறைத்தாலும் இவை மறையாது, ஏனெனில் மறைப்பின் எல்லைக்கு வெளியே அவை பரந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்கு எட்டாத மங்கல், எல்லாம் சேர்ந்தால் ஒரு மெல்லிய படலம். பெரிய திரள்கொத்துகளில் இப்படிப்பட்ட ஒளியை ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1951-லேயே கோமா கொத்தில் கண்டு சொல்லியிருந்தார். சைபர் குழுவின் கருத்து, சாதாரணத் திரள்களைச் சுற்றியும் இது ஏராளமாக இருக்கிறது, மொத்தத்தில் திரள்களின் ஒளிக்கே ஈடாகலாம் என்பது.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. திரள்களின் ஒளிக்கே ஈடு என்றால் காமா கதிர்க் கணக்கோடு உரசுகிறது. விண்மீன்கள் சிதறுவது நிச்சயம், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ஒரு கூட்டத்தில் பாட்டி ஒருவர் கேட்டார்: “செத்துப்போன விண்மீன்களின் வெளிச்சமும் இதில் இருக்குமா தம்பி?” இருக்கிறது பாட்டி. ஒளி கிளம்பிய பிறகு விண்மீன் இருந்தாலும் அணைந்தாலும் ஒளிக்கு ஒன்றுமில்லை. இந்தப் பின்னணியில் வந்து சேர்ந்திருப்பதில் பெரிய பங்கு, இன்று இல்லாத விண்மீன்களுடையது.

கருந்துளைகளுக்கும் இதில் பங்கு உண்டா?

உண்டு என்று நினைக்க ஒரு நல்ல தடயம் இருக்கிறது. நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் படத்தையும் ஸ்பிட்சரின் அகச்சிவப்புப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து 2013-இல் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் தெரிந்த பொருள்களை மறைத்த பிறகும் திட்டுகள் ஓரளவு ஒரே இடத்தில் இருந்தன. விண்மீன்கள் மட்டும் அவ்வளவு எக்ஸ்-கதிர் தரா. வாயுவை விழுங்கும் கருந்துளைகள் தரும். அவை ஆதி காலத்தவையா, பிற்காலத்தவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

இருள்பொருள் சிதைந்து இந்த ஒளி வரலாமா?

ஆக்சியான் போன்ற துகள்கள் சிதைந்து ஒளி தரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு துகள் இதுவரை பிடிபடவில்லை. சாதாரண விண்மீன்களை முழுதாக எண்ணி முடிக்கும் முன் அங்கே போக எனக்கு மனமில்லை.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இருக்கிறதே, அது இதைத் தீர்த்துவிடாதா?

வெப் உண்டியலின் ஐந்து காசுகளை எண்ணுவதில் கில்லாடி. பேரண்டம் 30 கோடி வயதில் இருந்தபோதைய திரள்களையே அது பார்த்துவிட்டது. ஆனால் அது பார்ப்பது வானத்தின் மிகச் சின்னச் சின்னத் துண்டுகளை. பெரிய திட்டுகளைக் காண அகலமான படம் வேண்டும். மேலும் வெப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கிறது, அதே தூசி மேகத்துக்குள்தான்.

அந்த அகலமான படம் ஸ்ஃபியர்எக்ஸின் வேலை. கண்ணாடி வெறும் 20 சென்டிமீட்டர். ஆனால் 0.75 முதல் 5 மைக்ரான் வரை 102 நிறங்களில், ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு வானத்தையும் படமெடுக்கும். இதற்கும் தலைவர் ஜேமி பாக். சைபர் இரண்டு நிறங்களில் பார்த்து வாதாடியதை இது 102 நிறங்களில் பார்க்கிறது. திட்டுகளின் நிறமாலை எங்கே வெட்டுப்படுகிறது, எங்கே 1.6 மைக்ரான் மேடு செம்பெயர்ந்து நிற்கிறது என்று காட்டினால், எந்தக் காலத்து ஒளி எவ்வளவு என்று பிரித்துவிடலாம். தரவு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்படுகிறது. தொடக்கக்கல்லூரியில் பைத்தான் நிரல்மொழி தெரிந்த மாணவர் யாராவது இருந்தால் எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

உங்கள் கருத்து என்ன?

பத்தில் ஒன்பது பங்காவது சாதாரணத் திரள்கள், அதிலும் கடந்த ஆயிரம் கோடி ஆண்டுகளைச் சேர்ந்தவை. அடுத்தது சிதறிய விண்மீன்கள், ஆனால் 2014-இல் சொன்ன அளவுக்கு இல்லை. முதல் விண்மீன்களின் ஒளி கட்டாயம் இருக்கிறது, ஒரு சதவீதம் தேறினால் பெரிது. அந்த ஒரு சதவீதத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் இவ்வளவு நேர்மையாகக் கழிக்க வேண்டியிருக்கிறது. ஐஆர்டிஎஸ் மிச்சத்தின் பெரும்பகுதி தூசி என்றே நினைக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து இதைப் பார்க்க முடியுமா?

முடியாது. காற்றொளிர்வு ஒரு பக்கம். நம் ஈரக்காற்றின் நீராவி 1.4, 1.9 மைக்ரான்களில் ஒளியை விழுங்குவது இன்னொரு பக்கம். நம் விளக்குகளைச் சொல்லவே வேண்டாம். 2016-இல் வந்த உலக ஒளிமாசு வரைபடத்தில், இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக முடியாத அளவு வெளிச்சமான இரவின் கீழ் மக்கள் அனைவரும் வாழும் நாடு என்று சிங்கப்பூர் முதலிடம் பெற்றது.

ஆனால் ஐஸை, அதாவது ராசிமண்டல ஒளியை, உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம்: கோள்கள் செல்லும் பாதை நம் அடிவானத்தில் எப்போதும் ஏறக்குறையச் செங்குத்தாகவே எழும்பும். ஐரோப்பாவில் சில மாதங்கள்தான் நன்றாகத் தெரியும் இந்த ஒளி இங்கே ஆண்டு முழுக்கத் தெரியும், இருட்டு மட்டும் வேண்டும். அதற்கு ஜோகூரின் கிழக்குக் கரைக்கு, மெர்சிங் பக்கம் போக வேண்டும். அமாவாசையை ஒட்டிய வார இறுதியாகப் பாருங்கள். மழைக்காலமான நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கூட்டம் அதிகம், சனிக்கிழமை விடியலிலேயே கிளம்பிவிடுங்கள். அங்கே தங்கி, ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் கிழக்கு நோக்கி உட்காருங்கள். கைப்பேசியை இருபது நிமிடம் தொடாதீர்கள். கடலுக்கு மேலே ஒரு மங்கிய வெள்ளைக் கூம்பு எழுந்து நிற்கும், ஐந்தே முக்காலுக்கு விடியல் வெளிச்சம் வந்து அதை அழித்துவிடும்.